வாக்குச்சீட்டுக்கு முன்பே நடக்கும் தேர்தல்

அறிஞர் சங்கங்களில் உறுப்பினராக இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கடிதம் வரும். நிர்வாகக் குழுவான கவுன்சிலில் சில இடங்கள் காலியாகின்றன, தகுதியானவர்களின் பெயர்களை இந்தத் தேதிக்குள் முன்மொழியுங்கள் என்று கேட்கும் கடிதம். பலர் அதை முழுசாகப் படிப்பதுகூட இல்லை. சில மாதங்கள் கழித்து வாக்குச்சீட்டு வந்ததும், 'எப்போதும் இதே ஆட்கள்தானா' என்று அலுத்துக்கொள்வார்கள். சீட்டில் யார் யார் பெயர் வரும் என்ற கேள்விக்கு அதற்குள் விடை எழுதப்பட்டிருக்கும். முதல் கடிதம் வந்தபோது யார் பேனா எடுத்தார்களோ அவர்கள் எழுதிய விடை அது.

ஒரு சங்கம் எந்தப் பக்கம் போகும் என்பது வாக்களிக்கும் நாளைவிடப் பெயர் கேட்கும் நாட்களில்தான் அதிகம் முடிவாகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதற்குச் சான்று தேடிப் பல இடங்களுக்கு அலைய வேண்டியதில்லை. லண்டன் ராயல் சொசைட்டியின் கதையே போதும். ராமானுஜன் பெயருக்குப் பின்னால் எஃப்.ஆர்.எஸ். (ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ, அதாவது தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்) என்று சேர்த்த அதே சங்கம்தான்.

1660 நவம்பர் 28 அன்று லண்டன் கிரெஷம் கல்லூரியில் கிறிஸ்டபர் ரென்னின் சொற்பொழிவு முடிந்த பிறகு, பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பேசித் தொடங்கிய சங்கம் அது. 1662-லும் 1663-லும் அரசர் இரண்டாம் சார்லஸ் சாசனம் கொடுத்தார். சாசனப்படி சங்கத்தை ஆள்வது ஒரு கவுன்சில். தலைவரையும் சேர்த்து 21 பேர். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 30, புனித ஆண்ட்ரூ நாளில் தேர்தல். பழைய கவுன்சிலில் 11 பேர் தொடர்வார்கள், 10 பேர் புதிதாக வருவார்கள்.

இந்த 11-10 கணக்கு நன்றாக யோசித்துப் போட்ட கணக்கு. எல்லோரையும் ஒரே நாளில் மாற்றினால் போன வருஷம் எதை ஏன் முடிவு செய்தோம் என்று சொல்ல ஆளிருக்காது. யாரையும் மாற்றாவிட்டால் நாலைந்து நண்பர்களின் கையில் சங்கம் சிக்கிக்கொள்ளும். பாதிக்குச் சற்றுக் குறைவாக மாற்றினால் நினைவும் நிற்கும், புதுக் காற்றும் வரும். இன்று உலகில் பல அறிஞர் சங்கங்கள் கவுன்சில் இடங்களை மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என்று முறை வைத்துக் காலி செய்வதற்கும் காரணம் இதேதான். ஆனால் அந்தப் பத்துப் பேர் யார் என்று யார் முதலில் எழுதுவது? அடுத்த இருநூறு ஆண்டுகளின் சண்டை அந்த இடத்தில்தான் நடந்தது.

அதற்கு முன், கவுன்சிலில் யார் இருந்தால் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு சம்பவம். 1686-ல் ராயல் சொசைட்டி மீன்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகத்தை வெளியிட்டது. பிரான்சிஸ் வில்லபி தொடங்கி, அவர் இறந்த பிறகு ஜான் ரே முடித்துக்கொடுத்த நூல். படங்கள் அழகானவை, செலவும் ஏராளம். விற்கவில்லை. சங்கத்தின் கையிருப்பு கரைந்த நேரத்தில் ஐசக் நியூட்டனின் பிரின்சிபியா கையெழுத்துப் பிரதி வந்து சேர்ந்தது. கவுன்சில் கூடி, அச்சுச் செலவை எட்மண்ட் ஹேலி தன் கையிலிருந்தே போட்டுக்கொள்ளட்டும் என்று முடிவெடுத்தது. சங்கத்தின் எழுத்தராகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஹேலி அதை ஏற்று நூலைக் கொண்டுவந்தார். அவருக்குச் சம்பளமாகத் தரவேண்டிய 50 பவுண்டுக்குப் பதில் சங்கம் கொடுத்தது, விற்காத மீன் புத்தகத்தின் பிரதிகளை. ஈர்ப்பு விதியை உலகுக்குச் சொன்ன நூல் ஒரு தனி மனிதரின் பொறுப்புணர்வால் தப்பிப் பிழைத்து வந்தது. எந்த நூலுக்குப் பணம், எந்த ஆய்வுக்கு உதவி, யாருக்குப் பதக்கம் என்று முடிவு செய்யும் மேசை கவுன்சில். அங்கே கணக்குப் புரிந்தவர் ஒருவர் கூடுதலாக இருந்தாலும் குறைவாக இருந்தாலும் விளைவு மாறும்.

சரி, பெயர்ப் பட்டியலுக்கு வருவோம். சாசனம் தேர்தல் என்றுதான் சொன்னது. நடைமுறையில் தலைவரும் அவருக்கு நெருக்கமானவர்களும் ஒரு பட்டியலைத் தயாரித்து ஃபெல்லோக்களிடம் கொடுப்பார்கள். பிடிக்காத பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதலாம், விதி அதைத் தடுக்கவில்லை. ஆனால் பத்துப் பேர் பத்து விதமாக அடித்துத் திருத்தினால் எந்தத் திருத்தத்துக்கும் பெரும்பான்மை சேராது. அச்சடித்த பட்டியல் அப்படியே ஜெயிக்கும்.

இந்த முறையை முழுமையாகக் கையாண்டவர் ஜோசப் பேங்க்ஸ். கேப்டன் குக்கோடு கடல் பயணம் போன தாவரவியலாளர். 1778-ல் தலைவரானவர் 1820-ல் இறக்கும் ஆண்டு வரை, நாற்பது வருஷத்துக்கும் மேலாக அந்த நாற்காலியிலேயே இருந்தார். ஒவ்வோர் ஆண்டும் தேர்தல் நடந்தது, ஒவ்வோர் ஆண்டும் அவரே. 1783-84-ல் கணிதம் சார்ந்தவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அயல்நாட்டுச் செயலாளராக இருந்த கணித அறிஞர் சார்லஸ் ஹட்டனை லண்டனில் குடியிருக்க வேண்டும் என்று நெருக்கி, அவர் பதவி விலகும் நிலைக்குக் கொண்டுவந்ததுதான் உடனடிக் காரணம். தாவரம், விலங்கு, நிலப்பிரபுக்கள் என்று ஒருபக்கம் சாய்ந்துவிட்ட சங்கத்தில் தங்களுக்கு இடமில்லை என்ற மனக்குறை அடியில் இருந்தது. கூட்டங்களில் பேச்சு கொதித்தது. வாக்கெடுப்பில் பேங்க்ஸ் பக்கமே ஆட்கள் அதிகம் வந்தார்கள். எதிர்ப்பாளர்களிடம் கோபம் இருந்தது, மாற்றுப் பட்டியலுக்குத் தேவையான ஆள்பலம் இல்லை. பேங்க்ஸ் கெட்ட மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. போர்க்காலத்திலும் பிரெஞ்சு விஞ்ஞானிகளோடு தொடர்பை விடாமல் காத்தவர் அவர். ஆனால் ஒரு நல்ல மனிதர் நாற்பது ஆண்டு பட்டியல் எழுதினாலும், அவர் கண்ணில் படாத துறைகள் பட்டியலுக்கு வெளியேதான் நிற்கும்.

1830-ல் அது வெடித்தது. கணக்கிடும் இயந்திரத்தைக் கனவு கண்ட சார்லஸ் பாபேஜ் அந்த ஆண்டு இங்கிலாந்தில் அறிவியல் சரிந்துவருவதைப் பற்றி ஒரு நூல் எழுதி, ராயல் சொசைட்டியின் நிர்வாகத்தைப் பெயர் சொல்லியே விளாசினார். கவுன்சிலைத் தலைவரே தன் நண்பர்களால் நிரப்பிக்கொள்வது அவர் வைத்த முக்கியமான குற்றச்சாட்டு. அதே நேரத்தில் தலைவர் டேவிஸ் கில்பர்ட், அரசரின் தம்பியான சஸ்ஸெக்ஸ் கோமகனை அடுத்த தலைவராகக் கொண்டுவர ஃபெல்லோக்களுக்குத் தெரியாமல் பேச்சு நடத்திக்கொண்டிருந்தார். விஷயம் வெளியே வந்ததும் அறிவியலாளர்கள் பலர் கையெழுத்திட்டு, வானியலாளர் ஜான் ஹெர்ஷலை நிறுத்தினார்கள். அவருக்கோ பதவி ஆசை இல்லை, கடைசி நேரத்தில்தான் சம்மதித்தார்.

நவம்பர் 30 அன்று கோமகனுக்கு 119 வாக்கு, ஹெர்ஷலுக்கு 111. எட்டே வாக்கு வித்தியாசம். சங்கத்தில் பல நூறு ஃபெல்லோக்கள் இருந்தும் வாக்களித்தவர்கள் 230 பேர்தான். ஹெர்ஷல் பெயர் இன்னும் ஒரு மாதம் முன்னால் முன்மொழியப்பட்டிருந்தால், வெளியூரில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. மனம் வெறுத்துப்போனவர்களில் சிலர் அடுத்த ஆண்டு யார்க் நகரில் உருவான பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் பக்கம் தங்கள் சக்தியைத் திருப்பினார்கள்.

சீர்திருத்தம் 1847-ல் வந்தது. வழக்கறிஞராகவும் இயற்பியலாளராகவும் இருந்த வில்லியம் கிரோவ் போன்றவர்கள் முன்னின்றார்கள். ஆண்டுக்கு 15 புது ஃபெல்லோக்கள் மட்டும் என்று வரம்பு வந்தது. பணமும் பட்டமும் காட்டி நுழைவது குறைந்து, ஆய்வு செய்பவர்களின் கை ஓங்கியது. ஆனாலும் பட்டியல் எழுதும் கை திரைக்குப் பின்னால்தான் இருந்தது, ஆள்தான் மாறினார்கள். 1864 முதல் ஒன்பது நண்பர்கள் மாதந்தோறும் சேர்ந்து சாப்பிடும் வழக்கம் தொடங்கினார்கள். எக்ஸ் கிளப் என்று பெயர். சாப்பாட்டு மேசையில் அறிவியல் உலகின் பதவிகளும் பேசப்பட்டன. 1873-லிருந்து 1885 வரை ராயல் சொசைட்டியின் தலைவர்களாக அடுத்தடுத்து வந்த ஹூக்கர், ஸ்பாட்டிஸ்வுட், ஹக்ஸ்லி மூவரும் அந்த மேசையில் உட்கார்ந்தவர்கள். மூவரும் தகுதியில் குறைந்தவர்கள் இல்லை. டார்வினின் கருத்தைத் தாங்கிப் பிடித்ததில் ஹக்ஸ்லிக்கும் ஹூக்கருக்கும் உள்ள பங்கு பெரியது. அந்த மேசைக்கு அழைப்பு வராதவர்களின் பெயர்களை யார் பேசியிருப்பார்கள் என்பதுதான் என் கேள்வி.

ஹெர்தா ஏர்டன் அந்த மேசைகளுக்கு வெளியே இருந்தவர். மின்வில் விளக்குகள் ஏன் சீறுகின்றன என்று ஆராய்ந்து விடை கண்ட பொறியாளர். 1902-ல் அவர் பெயரைச் சில ஃபெல்லோக்கள் முறைப்படி முன்மொழிந்தார்கள். கவுன்சில் என்ன செய்வதென்று தெரியாமல் சட்ட ஆலோசனை கேட்டது. திருமணமான பெண் சாசனத்தின் கீழ் ஃபெல்லோ ஆக முடியாது என்று பதில் வந்தது. அத்தோடு மூடிவிட்டார்கள். 1904-ல் தன் கட்டுரையைச் சங்கத்தின் கூட்டத்தில் தானே வாசித்த முதல் பெண் அவர். 1906-ல் ஹியூஸ் பதக்கமும் அவருக்கே கொடுத்தார்கள். பதக்கம் கொடுக்கலாம், உள்ளே சேர்க்க முடியாது! 1919-ல் பாலினத்தைக் காரணம் காட்டி ஒதுக்குவதை நீக்கும் சட்டம் பிரிட்டனில் வந்தது. அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டு போயிற்று. 1945-ல்தான் படிகவியலாளர் கேத்லீன் லான்ஸ்டேலும் உயிர்வேதியியலாளர் மார்ஜரி ஸ்டீவன்சனும் முதல் பெண் ஃபெல்லோக்களாகத் தேர்வானார்கள்.

இதில் என்னை மிகவும் பாதிப்பது அந்த 1919-க்கும் 1945-க்கும் இடையிலான காலம். சட்டத் தடை விலகிவிட்டது, ஆனாலும் பெண்கள் வரவில்லை. தடையைக் காட்டிலும், யாராவது ஒருவர் உட்கார்ந்து பெயர் எழுதுகிறாரா என்பது பெரிய விஷயமாகிவிட்டது. இன்றுவரை ராயல் சொசைட்டிக்கு ஒரு பெண் தலைவர் வந்ததில்லை.

பெயர் எழுதுவது என்ன செய்யும் என்பதற்கு நமக்குத் தெரிந்த உதாரணம் ராமானுஜன். 1917-ன் இறுதியில் அவர் கடுமையாக நோய்வாய்ப்பட்டிருந்தார். அவரோடு சேர்ந்து ஆய்வு செய்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி சும்மா இருந்திருந்தால், இளைஞர்தானே, இரண்டு மூன்று ஆண்டு கழித்துப் பார்க்கலாம் என்று போயிருக்கும். ஹார்டி சங்கத்தின் தலைவராயிருந்த ஜே.ஜே. தாம்சனுக்கு எழுதி, இவர் விஷயத்தில் தாமதிக்க நேரமில்லை என்று விளக்கினார். முன்மொழிவில் கையெழுத்துகளைச் சேர்த்தார். 1918 மே மாதம் ராமானுஜன் ஃபெல்லோ ஆனார். 1920-ல் அவர் இறந்துபோனார். அது ஃபெல்லோ தேர்வு, கவுன்சில் தேர்வு இல்லை என்பது உண்மை. ஆனாலும் இரண்டுக்கும் அடிப்படை வேலை ஒன்றே: ஒருவரின் தகுதியைப் பார்த்தவர், சரியான நேரத்தில், சரியான இடத்தில் அதை எழுதிக்கொடுப்பது.

இன்றைக்கு முறை எப்படி? ராயல் சொசைட்டியில் கவுன்சில் உறுப்பினர்கள் அறக்கட்டளையின் பொறுப்பாளர்களும்கூட. கணக்கு வழக்கு, ஊழியர் நலன், சொத்து என எல்லாவற்றுக்கும் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர்கள். தலைவர், பொருளாளர், இரண்டு செயலாளர்கள், அயல்நாட்டுச் செயலாளர் என்று பதவி வகிப்பவர்களும் அதில் அடக்கம். தலைவர் பதவிக்கு ஒரே ஒரு பெயர்தான் ஃபெல்லோக்கள் முன் வைக்கப்படும், அவர்கள் அதை வாக்களித்து உறுதி செய்வார்கள். 2010-ல் பால் நர்ஸ் அப்படித்தான் வந்தார். 2015-ல் அவருக்குப் பின், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் தலைவராகி 2020 வரை இருந்தார்.

ஒரே பெயரை முன்வைப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. தோற்றுப்போகும் அவமானத்துக்கு அஞ்சித் தகுதியானவர்கள் ஒதுங்குவதை அது தவிர்க்கும். கவுன்சிலில் இயற்பியல், உயிரியல், தொழில்துறை, வெவ்வேறு வயது, வெவ்வேறு ஊர் என்று கலந்து அமைக்கவும் முடியும். திறந்த போட்டி வைத்தால் பிரபலமான நாலு பெயர்கள் ஒரே துறையிலிருந்து ஜெயித்து வரும் ஆபத்து நிஜமானது. ஆனால் வாக்களிக்கும்போது தேர்வுக்கு இடமில்லை என்றால், பெயர் கேட்கும் கட்டம் உண்மையிலேயே திறந்திருக்க வேண்டும். அதுவும் மூடியிருந்தால் உறுப்பினருக்கு மிஞ்சுவது கைதட்டுவது மட்டும்.

அமெரிக்க வரலாற்றுச் சங்கம் இதை வேறு விதமாகக் கற்றுக்கொண்டது. அங்கேயும் வேட்பாளர்களைத் தேர்ந்து நிறுத்தும் நியமனக் குழு தரும் பெயர் போட்டியின்றித் தேர்வாவதுதான் நெடுநாள் வழக்கம். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த 1969 டிசம்பரில், வாஷிங்டன் மாநாட்டில், போரை எதிர்த்த இளம் வரலாற்றாசிரியர்கள் ஸ்டாட்டன் லிண்டைத் தலைவர் பதவிக்குக் கூட்டத்திலேயே முன்மொழிந்தார்கள். சங்கத்தின் அதிகாரபூர்வ வேட்பாளர் ஆர்.ஆர். பால்மர் 1,040 வாக்கும் லிண்ட் 396 வாக்கும் பெற்றார்கள். லிண்ட் தோற்றார், ஆனால் போட்டியே இல்லாத தேர்தல் என்ற வழக்கம் அதன்பின் நிலைக்கவில்லை. அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஓர் இடத்துக்கு இரண்டு பெயர் என்ற முறைக்கு அந்தச் சங்கம் மாறியது.

மின், மின்னணுப் பொறியாளர்களின் சங்கமான ஐ-ட்ரிபிள்-இ நம் ஊர்ப் பொறியியல் மாணவர்களுக்குப் பழக்கமான பெயர். அங்கே இயக்குநர் குழு நிறுத்தும் வேட்பாளர்களைத் தவிர, போதிய கையெழுத்து சேர்த்து மனுக் கொடுத்து யாரும் நிற்கலாம். 1980-களில் ஒரு கவலை வந்தது: குழு நிறுத்திய இரண்டு பேருக்கும் வாக்குகள் பிரிந்து, மனு வழியாக வந்த மூன்றாமவர் சிறுபான்மை வாக்கிலேயே ஜெயித்துவிட்டால்? 1987-ல், ஏற்கத்தக்கவர் எல்லோருக்கும் வாக்களிக்கலாம், ஒருவருக்கு மட்டும் என்ற கட்டுப்பாடு இல்லை என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். 2002-ல் அதைக் கைவிட்டார்கள். வாக்குமுறையை எவ்வளவு திருத்தினாலும், பட்டியலுக்குள் நுழையும் வாசல் எவ்வளவு அகலம் என்ற கேள்வியை அது தீர்த்துவிடாது என்றே நான் நினைக்கிறேன்.

ஆகவே நியமனக் குழு வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பேன். ஆனால் அது தனக்குத் தெரிந்தவர்களையே சுற்றிச் சுற்றி வரும் குழுவாக இருக்கக் கூடாது. கவுன்சிலில் இப்போது இருப்பவர்கள் அதில் பெரும்பான்மையாக உட்காரக் கூடாது. குழு விட்டுவிட்ட பெயரை உறுப்பினர்கள் கையெழுத்துச் சேர்த்துக் கொண்டுவரும் வழி இருக்க வேண்டும், அந்தக் கையெழுத்து எண்ணிக்கை சாதாரண உறுப்பினரால் திரட்டக்கூடியதாக இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு எந்தத் துறையிலிருந்து, எந்தத் திறமையோடு ஆள் தேவை என்பதை அழைப்பிலேயே வெளிப்படையாக எழுதினால் பாதி வேலை முடிந்தது. 'தகுதியான பெயர்களை அனுப்பவும்' என்ற ஒற்றை வரியைப் படித்தால் யாருக்கும் தன் பக்கத்து அறை ஆய்வாளரின் முகம் நினைவுக்கு வராது. 'நிதிநிலை அறிக்கை படிக்கத் தெரிந்தவர், ஆய்வுப் பணியின் முதல் பத்தாண்டில் இருப்பவர் தேவை' என்று எழுதினால் உடனே இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள்.

அந்த இரண்டு பேரிடமும் முன்மொழியும் முன் போய்க் கேட்க வேண்டும். ராயல் சொசைட்டிக்கு மைக்கேல் ஃபாரடேயைவிடத் தகுதியான தலைவர் அவர் காலத்தில் இருந்திருக்க முடியாது, அவரோ வற்புறுத்தியும் மறுத்துவிட்டார். மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் மறுப்பார்கள் என்று நாமே முடிவு செய்துகொண்டு கேட்காமல் விடுவது வேறு விஷயம். பலர் தாங்களாக முன்வர மாட்டார்கள். இன்னும் மூத்தவர்கள் இருக்கிறார்களே என்று தயங்குவார்கள். உங்களால் இது முடியும், இன்ன காரணத்துக்காக உங்களை நினைத்தேன் என்று ஒருவர் நேரில் சொன்னால் அந்தத் தயக்கம் பெரும்பாலும் போய்விடும். சொல்லும்போது வேலையின் பளுவையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆண்டுக்கு எத்தனை கூட்டம், பயணச் செலவை யார் தருவார்கள், படிக்க வேண்டிய தாள் எவ்வளவு, சட்டப் பொறுப்பு என்ன, எத்தனை ஆண்டு. சம்பளம் இல்லாத வேலை என்பதையும்தான்.

முன்மொழிவுக் கடிதத்தில் பட்டங்களையும் விருதுகளையும் அடுக்குவது பெரும்பாலும் வீண். குழுவில் இருப்பவர்களுக்கு அவை தெரிந்திருக்கும், தெரியாவிட்டாலும் பார்த்துக்கொள்வார்கள். அவர் ஒரு துறையை எப்படி நடத்தினார், கருத்து மோதல் வந்தபோது கூட்டத்தில் எப்படிப் பேசினார், இளையவர்களுக்கு எப்படி வழிவிட்டார் என்று பக்கத்திலிருந்து பார்த்தவர் மட்டுமே எழுதக்கூடியதை எழுதினால் அந்தக் கடிதம் எடை பெறும். வழிமொழிபவர் வேறு துறையிலோ வேறு ஊரிலோ இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், பட்டியலில் இடம் கிடைக்காதவர்கள், நின்று தோற்றவர்கள். இவர்களைச் சங்கங்கள் கவனிப்பதே இல்லை. முதல் தடவை கேட்டபோது சம்மதித்து, படிவம் நிரப்பி, பிறகு ஒரு தகவலும் வராமல் போனவர் இரண்டாம் தடவை கேட்டால் தலையாட்ட மாட்டார். ஏன் இந்த முறை அமையவில்லை என்று நாலு வரி எழுதி அனுப்பி, அவர் விரும்பினால் பெயரை அடுத்த ஆண்டுக் குழுவிடம் ஒப்படைத்துவிடலாம். இதற்கு விதி திருத்தமோ பொதுக்குழுத் தீர்மானமோ வேண்டாம், நியமனக் குழுவின் செயலாளர் ஒருவர் நினைத்தால் இந்த ஆண்டிலிருந்தே செய்யலாம்.